மூளையில் பட்ட அடியா, மனதில் பட்ட அடியா? ஒரு இராணுவ வீரரின் மனைவிக்குப் பதில்

கேள்வி: என் கணவர் இராணுவத்தில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவர் போன வண்டிக்கு அருகில் குண்டு வெடித்தது. வெளிக்காயம் பெரிதாக இல்லை. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லி, சில நாட்களில் பணிக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அடிக்கடி தலைவலி, காதில் இரைச்சல். சொன்னது மறந்துபோகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார். எங்கே போனாலும் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறார். ஒரு நாள் இரவு கனவில் அலறினார். தொட்டு எழுப்பினேன். என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் அழுதார். அன்றிலிருந்து தனி அறையில் படுக்கிறார். தினமும் குடிக்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே, எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் இருக்கிறது. ஏழு வயது மகள் அவரைப் பார்த்தாலே ஒதுங்குகிறாள். இது மூளையில் பட்ட அடியா, மனதில் பட்ட அடியா? யாரிடம் போவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டும் இருக்கவே வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் "மூளையா, மனமா" என்று தெரிந்த பிறகுதான் சிகிச்சை என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்காமலே போகலாம். தூக்கம், தலைவலி, கெட்ட கனவு, குடி, கோபம் ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கே தொடங்கக்கூடிய சிகிச்சை இருக்கிறது.

முதலில் அந்த ஸ்கேன். உங்கள் கணவர் அதைத்தான் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சி.டி. ஸ்கேன் எடுப்பது இரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் போன்ற உடனடி ஆபத்துகளைக் கண்டுபிடிக்க. அவை இல்லை என்று அன்றைக்கு உறுதியானது நல்ல செய்திதான். ஆனால் குண்டு வெடிக்கும்போது எழும் அழுத்த அலை மண்டையைக் கடந்து போகும். அதோடு தலையும் வேகமாக உலுக்கப்படும். அப்போது மூளைக்குள் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் மெல்லிய நரம்பு இழைகள் இழுபட்டுச் சேதமடையலாம். இந்தச் சேதம் சி.டி.யில் தெரியாது, வழக்கமான எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் தெரியாது. குண்டுவெடிப்பில் சிக்கிப் பிற்பாடு இறந்த சில அமெரிக்கப் படைவீரர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியானது. சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லைகளில் தனித்தன்மையான தழும்புகள் இருந்ததாக அது சொன்னது. ஆராய்ந்தது சில மூளைகளைத்தான். அதைக் காட்டி உங்கள் கணவருக்கும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதற்கு அடி படவில்லை என்று அர்த்தம் இல்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

'லேசான மூளைக் காயம்' (மூளையதிர்ச்சி என்பதும் இதுதான்) என்ற பெயரும் ஆட்களை ஏமாற்றுகிறது. அரை மணி நேரத்துக்குள் நினைவு திரும்பிவிட்டால், குழப்பமும் மறதியும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிட்டால், அதை மருத்துவத்தில் 'லேசானது' என்று வகைப்படுத்துகிறோம். நினைவே தப்பாமல், சில நிமிடம் கண்ணைக் கட்டிவிட்டதுபோல் திகைத்து நின்றிருந்தாலும் அது இந்தக் கணக்கில் சேரும். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஒரு பங்கினருக்குத் தொல்லைகள் நீடிக்கின்றன. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டவர்களுக்கு இன்னும் சிரமம். அதனால்தான் அமெரிக்க இராணுவம் 2010-இல் ஒரு விதி கொண்டுவந்தது. வெடிப்புக்கு 50 மீட்டருக்குள் இருந்தவருக்கு, அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், மருத்துவப் பரிசோதனையும் 24 மணி நேர ஓய்வும் கட்டாயம். 'நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு சிப்பாய் சொல்வதை மட்டும் நம்ப முடியாது என்பது அனுபவத்தில் தெரிந்ததால் வந்த விதி அது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கக் காலாட்படையினரிடம் எடுத்த ஆய்வு 2008-இல் வெளியானது. அடிபட்டு நினைவு தப்பியவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுக்கான அளவுகோல் பொருந்தியது. இதைத்தான் பி.டி.எஸ்.டி. என்கிறோம். காயமே படாதவர்களில் அது 9 சதவீதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆய்வின் அடுத்த முடிவு. பி.டி.எஸ்.டி.யையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது, மூளையதிர்ச்சியால் வந்தவை என்று நினைத்த உடல் தொல்லைகளில் தலைவலி ஒன்றுதான் மூளையதிர்ச்சியோடு தெளிவான தொடர்பில் நின்றது. அதாவது, மறதி, களைப்பு, எரிச்சல் எல்லாவற்றையும் 'தலையில் அடிபட்டது, இனி இப்படித்தான்' என்று எழுதி மூடிவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒன்றை நாம் சரிசெய்யாமல் விடுகிறோம்.

இந்தக் குழப்பம் நூறு ஆண்டு பழையது. முதல் உலகப் போரில் நடுங்கியும் வாயடைத்தும் வந்த சிப்பாய்களைப் பற்றி 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். வெடிகுண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு, வெடிப்புக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே அறிகுறிகள் வந்தன. உடனே அலை மறுபக்கம் அடித்தது: இது மனக்கோழைத்தனம் என்றார்கள். கோழைத்தனம், ஓடிப்போதல் என்று குற்றம் சாட்டிச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. பி.டி.எஸ்.டி. என்ற நோய்ப்பெயரே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. உங்கள் கணவரின் வாயில் வரும் "எனக்கென்ன பைத்தியமா" என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் நிற்கிறது. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

எது எதனால் வருகிறது என்று மருத்துவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? வெளிச்சம் கண்ணைக் கூசுவது, தலைசுற்றல், நடையில் தடுமாற்றம், படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிவது, வாசனை தெரியாமல் போவது, உடலையோ மூளையையோ வருத்தினால் தலைவலி கூடுவது என்றால் மூளைக் காயத்தின் பக்கம் சந்தேகம் போகும். நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப ஓடுவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளி எழுவது, எப்போதும் காவலுக்கு நிற்பதுபோல் இருப்பது, 'நான் பிழைத்தேன், அவன் போனானே' என்ற குற்ற உணர்வு என்றால் மன அதிர்ச்சியின் பக்கம். தூக்கக் குறைவு, கோபம், மறதி, கவனச் சிதறல், களைப்பு இரண்டிலும் வரும். கோபத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி பிரேக் மாதிரி. அடி அதையும் பாதிக்கும். நீண்ட கால அச்சமும் தூக்கமின்மையும் அதே பிரேக்கைத் தேய்க்கும். அதனால் கோபத்தை மட்டும் பார்த்து எந்தக் காயம் என்று சொல்ல முடியாது.

காலமும் ஒரு தடயம். மூளையதிர்ச்சியின் தொல்லைகள் ஆரம்பத்தில் மோசமாக இருந்து மெல்லக் குறையும். மன அதிர்ச்சியின் தொல்லைகள் வீடு திரும்பி, உடம்பு ஓய்ந்த பிறகு மாதக்கணக்கில் வளரலாம். வீட்டுக்கு வந்த முதல் மாதத்தைவிட இப்போது அவர் மோசமாக இருக்கிறாரா, அப்படியேதான் இருக்கிறாரா? யோசித்து, எழுதி வைத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது ஸ்கேனைவிட உதவும்.

வெடிப்பு நடந்த அன்றைய விவரமும் வேண்டும். "நினைவு தப்பியதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நினைவு தப்பியது அவர்களுக்கே நினைவில்லாமல் இருக்கும். "வெடிப்புக்கு முன்னால் கடைசியாக நினைவிருப்பது என்ன? அதற்கு அடுத்து நினைவிருப்பது என்ன?" என்று கேட்டால், நடுவில் விட்டுப்போனது தானே வெளிவரும். எவ்வளவு தூரத்தில் வெடித்தது, மூடிய வண்டிக்குள் இருந்தாரா, காதில் இரத்தம் வந்ததா, வாந்தி எடுத்தாரா, கூட இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள், இதற்கு முன் எத்தனை வெடிப்புகளுக்கு அருகில் இருந்திருக்கிறார் என்பவையும் முக்கியம். பீரங்கி, மோர்ட்டார் எனும் குண்டு வீசும் குழல், தோளில் வைத்துச் சுடும் ஆயுதங்கள், கதவை வெடிவைத்துத் திறக்கும் பயிற்சி ஆகியவற்றில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு எதிரியின் குண்டே தேவையில்லை. சொந்த ஆயுதத்தின் அதிர்வே சேர்ந்து சேர்ந்து பாதிக்கலாம். ஆனால் இந்தக் கேள்விகளை வீட்டில் உட்கார வைத்து நீங்கள் கேட்க வேண்டாம். அது மருத்துவரின் வேலை. கூடப் பணியாற்றியவர் யாராவது உங்களுக்குப் பழக்கம் என்றால் அவரிடம் விசாரித்து வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. தலைவலி நாளுக்கு நாள் கடுமையாகிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், வலிப்பு வந்தால், ஒரு பக்கக் கை கால் பலவீனமானால், பேச்சு குழறினால், எழுப்ப முடியாத மயக்கத் தூக்கம் இருந்தால், யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். பிறகு குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலும் அப்படியே. மூளை உறைக்கு அடியில் இரத்தம் மெல்லச் சேர்வது, அடிபட்டு வாரங்கள் கழித்தும் வெளிப்படும்.

அந்த அவசரம் எதுவும் இல்லையென்றால், யாரிடம் முதலில் போவது? நரம்பியல் மருத்துவரா, மனநல மருத்துவரா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் எந்த வாசலுக்குள் நுழையச் சம்மதிப்பாரோ அங்கே போங்கள். தலைவலிக்கும் காது இரைச்சலுக்கும் டாக்டரைப் பார்ப்பதில் எந்தச் சிப்பாய்க்கும் கௌரவக் குறைவு இல்லை. அங்கிருந்து தொடங்கலாம். நல்ல மருத்துவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்பார், தூக்கத்திலிருந்து கனவுக்குப் போவார், கனவிலிருந்து மற்றதுக்கு.

சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பி.டி.எஸ்.டி. என்றால் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க இராணுவமும் முன்னாள் படைவீரர் துறையும் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாத்திரையைவிடப் பேச்சுச் சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கிறது. மூன்று வகைகளுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஒன்றில், தவிர்த்துவந்த நினைவையும் இடங்களையும் சிகிச்சையாளரின் துணையோடு படிப்படியாக எதிர்கொள்வார். இன்னொன்றில், 'எல்லாம் என் தவறு', 'எங்கும் பாதுகாப்பில்லை' போன்ற எண்ணங்களை எழுதி, ஆராய்ந்து, திருத்துவார். இது வழக்கமாகச் சுமார் 12 அமர்வுகள். மூன்றாவதில், நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்களை இப்படியும் அப்படியும் அசைப்பார். லேசான மூளைக் காயம் இருந்தால் இவை பயன்படாது என்ற பேச்சு உண்டு. அது சரியில்லை. மறதி இருப்பவருக்கு அமர்வில் பேசியதை எழுதிக் கொடுத்து, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

மருந்தில் செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகியவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. கெட்ட கனவுக்குப் பிரசோசின் சிலருக்கு நன்றாக உதவுகிறது, ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. டையஸிபாம், அல்பிரஸோலாம் வகை மாத்திரைகளை பி.டி.எஸ்.டி.க்குக் கொடுக்க வேண்டாம் என்று அந்த வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அடிபட்ட மூளையில் அவை மறதியையும் தடுமாற்றத்தையும் கூட்டும். குடியோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. தூங்க வைப்பதற்காக யாராவது அவற்றை எழுதிக் கொடுத்தால், "இவர் தினமும் குடிக்கிறார், தலையில் அடிபட்டிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தவும் கூடாது. தினமும் குடிப்பவர் குடியை ஒரே நாளில் நிறுத்துவதும் அப்படித்தான். கைநடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவ மேற்பார்வையில் குறைக்க வேண்டும்.

தலைவலிக்கு அவரே கடையில் வாங்கிப் போடுகிறாரா என்று பாருங்கள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும். குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் கவனியுங்கள். தூக்க மூச்சடைப்பு இருந்தால் மறதியும் எரிச்சலும் காலைத் தலைவலியும் அதனாலேயே வரலாம். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. சமநிலை, கண் அசைவு, காது இவற்றுக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. இருட்டறையில் படுத்துக் கிடப்பது முதல் ஓரிரு நாளுக்குத்தான். இத்தனை மாதம் கழித்து, தலைவலியைத் தூண்டாத அளவில் தினமும் நடப்பதும் மெல்ல வேகத்தைக் கூட்டுவதும்தான் நல்லது.

இவ்வளவும் செய்தால் முழுதாகச் சரியாகிவிடுமா? பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. இராணுவத்தினரிடம் நடந்த சிகிச்சை ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்று, முன்னணிப் பேச்சுச் சிகிச்சைகளைப் பெற்றவர்களில் 49 முதல் 70 சதவீதம் பேருக்குக் கண்கூடான முன்னேற்றம் கிடைத்தது என்கிறது. ஆனால் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் பி.டி.எஸ்.டி.க்கான அளவுகோல் பொருந்தியே இருந்தது. ஆக, ஒரு சுற்றில் தீரவில்லை என்றால் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைத்து விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறையை முயல வேண்டும். அலறாமல் உறங்கும் இரவுகள் கூடினாலே உங்கள் வீடு மாறிவிடும்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். அவர் குடிக்காத, சண்டை இல்லாத நேரமாகப் பாருங்கள். "நீங்க முன்ன மாதிரி இல்லை" என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். நோயின் பெயரையும் சொல்ல வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "இந்த வாரம் நாலு நாள் தலைவலின்னு படுத்தீங்க. ராத்திரி தூக்கமே இல்லை. எனக்குக் கவலையா இருக்கு. தலைவலிக்காவது ஒரு தடவை பாத்துட்டு வரலாம், நானும் கூட வர்றேன்." முதல் தடவை மறுப்பார். விட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இதைக் கடந்து வந்த இன்னொரு படைவீரர் சொன்னால் எங்கள் எல்லோருடைய சொல்லையும்விட எடுபடும்.

இரவில் அவர் அலறினால் தொடாதீர்கள். எட்ட நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லி, "வீட்டில்தான் இருக்கீங்க" என்று சொல்லுங்கள். அவர் தனி அறையில் படுப்பதை விலகல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைக் காப்பாற்றத்தான் போயிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் விழித்திருக்கும்போது கை ஓங்கினால் அது வேறு விஷயம். நோய் அதற்குக் காரணமாக இருக்கலாம், நீங்கள் அதைத் தாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர் இல்லை. மகளை அழைத்துக்கொண்டு போய்த் தங்க ஒரு இடத்தை இப்போதே யோசித்து வையுங்கள்.

இதைவிடக் கடினமான ஒன்றும் கேட்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பெரும்பாலோருக்குக் கேட்டதே ஆறுதல். வீட்டில் துப்பாக்கி இருந்தால், அவர் தேறும்வரை அது வீட்டுக்கு வெளியே, வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனை.

மகளுக்கு உண்மையைச் சின்னதாக்கிச் சொல்லலாம்: "அப்பாவுக்குத் தலையில் அடிபட்டிருக்கு, அதனால சத்தம் கேட்டா சீக்கிரம் கோபம் வருது. உன் தப்பு இல்லை. டாக்டர்கிட்ட போறோம்." குழந்தைகள் காரணம் தெரியாவிட்டால் தாங்களே காரணம் என்று முடிவு செய்துகொள்வார்கள். அப்புறம், அவர் நன்றாக இருக்கும் நேரத்தில் இருவரும் சேர்ந்து செய்ய, பத்து நிமிட வேலை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். படம் வரைவதோ, செடிக்குத் தண்ணீர் விடுவதோ போதும்.

வேலையைப் பற்றிய பயம் நியாயமானது. ஒவ்வொரு இராணுவத்துக்கும் விதி வேறு. சில பணிகளிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைக்கலாம். அதனால் முதல் சந்திப்பிலேயே, எதையும் விவரமாகச் சொல்வதற்கு முன், "இங்கே பேசுவதில் எது மேலதிகாரிக்குப் போகும், எது போகாது?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் என் கருத்தைக் கேட்டால், சிகிச்சைக்குப் போனதைவிட, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதும், பணியிடத்தில் கைகலப்பு செய்ததும், ஆயுதத்தோடு கவனம் தப்பியதும்தான் ஒரு வீரரின் பணியைக் கெடுக்கும். வெடிப்பு நடந்தது பற்றிய பதிவு அவருடைய மருத்துவக் கோப்பில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூட இருந்தவர்கள் பணியில் இருக்கும்போதே எழுத்தில் வாங்கிச் சேர்ப்பது நல்லது. பிற்காலத்தில் சிகிச்சைக்கும் உதவித்தொகைக்கும் பல இடங்களில் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

முதலில் பார்க்கும் மருத்துவர் ஸ்கேனைப் புரட்டிவிட்டு "ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள்" என்று அனுப்பக்கூடும். அப்படி நடந்தால், கழுத்தைப் பிடித்த இரவு, தினசரிக் குடி, எட்டு மாதத் தலைவலி மூன்றையும் வரிசையாக அவர் முன்னால் சொல்லி, மனநல மருத்துவருக்கும் நரம்பியல் மருத்துவருக்கும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். உங்கள் கணவர் வெட்கப்பட்டு மறைப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகவே உள்ளே கூடப் போங்கள், வெளியே உட்காராதீர்கள்.